அரிசி மாவில் தேறியவள்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுகிறேன். நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்தச் சொல்லிலேயே கை நின்றுவிட்டது. நீயாவது நன்றாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாமே என்று கேட்பாய். வீட்டில் இருப்பது இரண்டே அறை. நான் தும்மினால்கூட உன் அக்காவுக்குக் கேட்கும். தவிர, நீ பேச ஆரம்பித்தால் எனக்கு ‘ம்’ கொட்டத்தான் இடம் கிடைக்கும். அதனால் மூக்குக்கண்ணாடிக் கடையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் நல்ல சேதி. அக்கா சாப்பிடுகிறாள். குடல் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த புதிதில் இரண்டு வாய் கஞ்சி உள்ளே போனாலே கழிவறைக்கு ஓடுவாள், ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை. இப்போது மூன்றுதான். குத்துமதிப்பாகச் சொல்லவில்லை. கணக்கு டீச்சர் ஆயிற்றே, வரைபடத் தாளில் தினமும் புள்ளி வைத்துக் கோடு இழுத்திருக்கிறாள். நீ அனுப்பிய மூலிகை கேப்சூலை ஆரம்பித்த நாளுக்குப் பச்சை மை. அங்கிருந்து கோடு இறங்கிக்கொண்டே வருகிறது. கீமோ ஏற்றிய மூன்று நாளுக்கும் சிவப்பு மை. மூன்று இடத்திலும் கோடு எகிறுகிறது. குடலைக் காப்பாற்றுவது தம்பி மருந்து, கெடுப்பது ஆஸ்பத்திரி மருந்து என்று நிரூபித்து, கீழே அடிக்கோடும் போட்டுவிட்டாள்.

போன வாரம் நான்காவது கீமோவுக்கு வர மாட்டேன் என்று படுத்துக்கொண்டாள்.

இதற்கு மேல் படித்துவிட்டு நீ என்னைத் திட்டிக்கொள். உன் முதல் பாட்டில் வந்ததுமே அதை டாக்டரிடம் காட்டினேன். பதினோரு மூலிகை, எது எவ்வளவு என்று லேபிளில் இல்லை, கீமோ ஓடும்போது ஈரலே திணறிக்கொண்டிருக்கும், இப்போதைக்கு இது வேண்டவே வேண்டாம் என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன். “என் தம்பி எனக்கு விஷமா அனுப்புவான்?” என்று கேட்டவள், இரண்டு நாள் பேசவில்லை, சாப்பிடவும் இல்லை. அந்த உடம்போடு மல்லுக்கு நிற்க எனக்குத் தெம்பில்லை. சரி, சாப்பிடு என்று சொல்லிவிட்டு, மறுநாள் பாட்டிலைப் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்தேன். கண்ணாடிக்குத் திருகாணி முடுக்கும் இதே மேஜையில் ஒவ்வொரு கேப்சூலாகத் திறந்து, உன் பொடியை ஒரு டப்பாவில் தட்டிவிட்டு, கூட்டுக்குள் அரிசி மாவை அடைத்தேன். அடுத்த பாட்டிலுக்கும் அதே கதை. மொத்தம் நூற்றெண்பது.

அவள் விழுங்கியது அதைத்தான், மச்சான். குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தால் மிச்சம் பழகுவதற்குச் சில மாதம் ஆகும், கீமோ ஏற்றினால் நாலு நாள் வயிறு கலங்கத்தான் செய்யும் என்கிறார் டாக்டர். அவள் போட்ட கோட்டில் தப்பில்லை. அதற்குள் பொய்யைக் கொண்டுபோய் வைத்தவன் நான்.

புதன்கிழமை அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவனைப் பார்ப்பது போல என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, “மாவு தின்னே இவ்வளவு தேறியிருக்கேன்னா உடம்பு தானா சரியாகுதுன்னுதானே அர்த்தம்? அப்புறம் எனக்கு கீமோ எதுக்கு?” என்றாள். வயிறு அடங்கியதைத்தான் உன் கோடு காட்டும், உள்ளே நோய் மிச்சம் இருக்கிறதா என்பதைக் காட்டாது என்று எவ்வளவோ சொன்னேன். நான் சொல்லி இனி எதை நம்புவாள்? அன்றிலிருந்து என் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அவளே சமையலறைக்குப் போகிறாள். பாதி வழியில் நின்று மூச்சு வாங்குகிறாள். நான் ஓடிப்போய்ப் பிடித்தால் கையைத் தட்டிவிடுகிறாள். இருபத்தாறு வருஷமாகச் சண்டை போடாத நாளில்லை, ஆனால் இப்படி அவள் என்னை விலக்கியதே இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்டி எடுத்த இடத்தைத் தாண்டியும் நோய் பரவியிருந்தது, எட்டு கீமோவும் முடித்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, பாதியில் விட்டால் திரும்பி வரக்கூடும், வந்தால் தன் கையில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். வருகிற இருபத்தொன்றாம் தேதி, திங்கட்கிழமைக்குத் தள்ளி வைத்திருக்கிறார். அதற்கு மேல் தள்ள முடியாதாம்.

மூன்றாவது பாட்டிலை நேரே அவள் பேருக்கே அனுப்பச் சொல்லியிருக்கிறாளாமே. அனுப்பாதே. கடிதத்தோடு அந்த டப்பாவையும் வைத்திருக்கிறேன். திறந்து பார், அப்போதாவது நம்புவாய். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு நீ வேறு என்னதான் செய்வாய்? பக்கத்திலேயே இருந்த நான் செய்த லட்சணத்தைத்தான் பார்க்கிறாயே.

எப்படியாவது லீவு போட்டுவிட்டு வா. அப்பா அம்மா போன பிறகு அவள் தூக்கி வளர்த்த பிள்ளை நீ. நீ சொன்னால் தட்ட மாட்டாள். என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள். அத்தான் ஏமாற்றுக்காரன், அந்த மனுஷன் முகத்திலேயே முழிக்க வேண்டாம், என்னோடு வந்துவிடு என்றுகூடச் சொல். அவள் உன்னோடு வருவதானால் நானே பெட்டி கட்டித் தருகிறேன். ஆனால் அதற்கு முன்னால் அவளை அந்த ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார வைத்துவிடு. ஊசி ஏறி முடிகிறவரை அவள் கண்ணில் படாமல் நான் வெளியே நின்றுகொள்கிறேன்.

நீயும் உன் பிள்ளைகளும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இருபதாம் தேதிக்குள் வந்துவிடுப்பா.

இப்படிக்கு,
உன் அத்தான்