ஐயா பார்த்துக்கொள்வார்

அப்பாவுக்கு வணக்கம். கால் வீக்கம் வடிந்ததா? மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஊருக்கு வரும் தோழி கையில் கொடுத்தனுப்புவதால் மனம்விட்டு எழுதுகிறேன்.

எங்கள் தையல் ஆலை விடுதியில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் முறைவைத்துத் துணைக்கு இருப்போம். கட்டிங் பிரிவு அக்காதான் அதைத் தொடங்கினார். போன மாதம் போலீஸ் வந்தது.

"யாரைக் கேட்டுச் சங்கம் வச்சீங்க?"

"சங்கமெல்லாம் இல்ல சார். காய்ச்சல்ல கெடக்குறவளுக்கு மருந்து எடுத்துக் குடுக்குறோம், அவ்வளவுதான்," என்றார் அக்கா.

"இந்த நாட்டுல எல்லாரையும் அதிபர் ஐயா பாத்துக்குவாரு. அவருக்குத் தெரியாம நீங்க எப்படி ஒருத்தரையொருத்தர் பாத்துக்கலாம்?"

எங்களில் ஓரிருவர் சிரித்துவிட்டார்கள். அக்காவைக் கூட்டிப்போனார்கள். இன்னும் திரும்பவில்லை.

பிறகு எனக்கும் லேசாகக் காய்ச்சல் வந்தது. பயப்படாதீர்கள், இப்போது வேலைக்குப் போகிறேன். அன்று எழ முடியாமல் தண்ணீர் கேட்டேன். பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்தாள், கதவைப் பார்த்தாள், மறுபடி படுத்துக்கொண்டாள். அவள்மேல் கோபமில்லை அப்பா. நானும் யாருக்கும் எழுந்திருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது.

தோழிக்கு வண்டி வந்துவிட்டது. இங்கே யாராவது வந்தால் பெரிய ஃபிளாஸ்க் ஒன்று கொடுத்துவிடுங்கள், தலைமாட்டில் வைத்துக்கொள்ள. அம்மா எதற்கென்று கேட்டால், இங்கே வெயில் அதிகம் என்று சொல்லுங்கள்.

உங்கள் மகள்