பன்னிரண்டாவது கார்டு

ஏன்னா,

மாமல்லபுரத்துக்குக் கிளம்பிவிட்டேன். ஒரு வருஷம், மாதம் ஒரு தடவை சைக்கிளில் போய், அங்கிருந்து நம் விலாசத்துக்கு ஒரு கார்டு போடுவேன் என்று உங்களோடுதானே பந்தயம் கட்டினேன்? பதினொன்று வந்தாயிற்று. “கத்திரி வெயில்ல பொம்மனாட்டிக்கு எதுக்கு இதெல்லாம்” என்று நேற்று என் சைக்கிள் சாவியை ஒளித்துவைத்தீர்கள். அதனால் உங்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டேன். மடிசார் கட்டினால் குறுக்குக் கம்பி ஒரு பொருட்டே இல்லை.

மோர்சாதம் உறியில் இருக்கிறது. ஆவக்காய் இன்னும் ஊறவில்லை, ஜாடியைத் திறக்காதீர்கள். பஸ் ஏறி வந்து திருக்கழுக்குன்றத்தில் என்னை மறிக்க வேண்டாம். நாளைத் தபாலில் முத்திரையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெருந்தேவி

மறந்துவிட்டேன். என் சாவி அரிசி டின்னிலேயே இருக்கிறது, நேற்றே பார்த்துவிட்டேன். ஆபீசுக்கு என் லேடீஸ் சைக்கிளில் போங்கள். உங்கள் சைக்கிள் எங்கே என்று யார் கேட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.