தடித்த கம்பி எந்தப் பக்கம்

சிட்லபாக்கம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள பென்னிக்கு,

உங்கள் அம்மா கடிதம் எழுதினால் ‘கர்த்தருக்குள் அன்பான’ என்று தொடங்குவார்கள். எனக்கு அது வராது. நான் நலம் என்று மட்டும் தொடங்குகிறேன். உங்கள் மகள் சினேகாவும் புனேயில் நலமாக இருப்பதாகச் சொல்கிறாள். நீங்களும் வெள்ளிக்கிழமை தோறும் அப்படித்தான் சொல்கிறீர்கள். உங்கள் இருவரையும் நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். தபீதாள் அக்காவின் மகன் ஐசக் லீவு முடிந்து வியாழக்கிழமை மஸ்கட் திரும்புகிறான். நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். போனில் நாம் தண்ணீர் லாரியைப் பற்றியும் உங்கள் மெஸ் சாப்பாட்டைப் பற்றியும் பேசுவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. போன வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் ஆயிற்று. கம்பெனியில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றீர்கள். “நீ என்ன சொல்ற ஜீவி?” என்று கேட்டீர்கள். “உங்க இஷ்டம்” என்றேன். “சரி” என்றீர்கள். பிறகு என் பக்கத்தில் குக்கர் விசில் அடித்தது. அதைப் பற்றிப் பேசினோம்.

அதை அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். இன்று காலை ஆராதனை முடிந்து சபை வளாகத்தில் ஒன்று நடந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் மழையிலிருந்து தொடங்க வேண்டும்.

நவம்பர் மழையில் ஏரி நிரம்பித் தெருத் தண்ணீர் படுக்கையறை வரை வந்தது என்று சொன்னேன் அல்லவா? கட்டிலுக்கு அடியில் என்ன இருந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. போன மே மாதம் லீவில் வந்தபோது நீங்கள் ஆர்டர் செய்த, பாகங்களை நாமே பூட்டிக்கொள்ளும் கிடார் கிட், நீங்கள் விமானம் ஏறிய பிறகுதான் வந்து சேர்ந்தது. “பிரிக்காத, நான் வந்து பாத்துக்கறேன்” என்றீர்கள். நானும் பிரிக்கவில்லை. ஆனால் அட்டைப் பெட்டியின் அடிப்பக்கம் ஊறிப் போயிருந்தது. மரம் கெட்டுவிடக் கூடாதே என்று பிரித்து எல்லாவற்றையும் சாப்பாட்டு மேஜையில் பரப்பினேன். வண்ணம் பூசாத உடல், தனியாகக் கழுத்து, கம்பியை முறுக்கும் திருகுகள், வெள்ளைத் தகட்டில் பொருத்திய காந்தச் சுருள்கள், பொட்டலம் பொட்டலமாகத் திருகாணிகள். அந்த மேஜையில் நான் ஒரு ஓரத்தில்தான் சாப்பிடுகிறேன். மிச்ச இடம் நிறைந்ததும் வீட்டுக்கு யாரோ வந்த மாதிரி இருந்தது. திரும்பப் பெட்டியில் போட மனம் வரவில்லை.

அப்படியே ஆரம்பித்துவிட்டேன். கல்லூரி பஸ் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஊர்ந்து வந்து என்னை இறக்கிவிடும். காபி குடித்துவிட்டு உப்புத்தாளை எடுப்பேன். முதலில் சொரசொரப்பானது, பிறகு நைஸ், மர வரியின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். சோபா முழுக்கத் தூசி. நீங்கள் பார்த்திருந்தால் என்னைத் திட்டியிருப்பீர்கள். ஆனால் தேய்க்கிற சத்தம் இருந்தவரை நான் டிவி போடவில்லை.

வண்ணத்துக்குப் பம்மல் போனேன். பைக் டேங்குக்கு ஸ்பிரே அடிக்கும் பட்டறை, சிட்டிபாபு என்பவருடையது. உடலைப் பையிலிருந்து எடுத்ததும், “இன்னா மேடம் இது, வெஸ்டர்ன் டாய்லெட் மூடியா?” என்றார். கிடார் என்றேன். நம்பாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யாருக்கு, பையனுக்கா?” என்றார். வீட்டுக்காரருக்கு என்றேன். “அவரு இன்னா கலரு கேட்டாரு?” என்றார். கேட்கவில்லை, அவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்றேன். “கேக்காம அடிச்சிட்டு அப்பால பேஜாராயிடப் போவுது மேடம்” என்று சொல்லிவிட்டு, ஒரு புல்லட்டுக்குக் கலக்கிய பச்சை மீதி இருப்பதைக் காட்டினார். அடித்து முடித்ததும் அவருக்கு ஆசை அடங்கவில்லை. “பின்னாடி எதுனா எழுதணுமா? ‘அம்மா அப்பா ஆசி’ன்னு?” என்றார். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். ஷேர் ஆட்டோவில் அது நினைவு வந்து தனியாகச் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்த பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

மேலே அடிக்கும் வார்னிஷை நானே மாடியில் அடித்தேன். ஈரக் காற்றில் அது கண்ணாடியில் ஆவி படிந்தது போல வெளுத்துப் போயிற்று. பொங்கல் வெயில் வரும்வரை காத்திருந்து, தேய்த்து எடுத்து, மறுபடி அடித்தேன். கழுத்தைப் பொருத்தும்போது திருகாணி பாதியில் இறுகி நின்றது. கிறிஸ்துமஸ் மெழுகுவர்த்தித் துண்டைத் தேய்த்ததும் வழுக்கிக்கொண்டு போனது. ஒயர் வேலைக்குக் கல்லூரி லேபிலிருந்து சால்டரிங் அயனைக் கொண்டுவந்தேன். அதில் எனக்குப் பயமில்லை.

கம்பி மாட்டும் இடத்தில்தான் தப்பு செய்தேன். கூட வந்த தாளில் இருந்த படத்தில் தடித்த கம்பி இடது பக்கம் இருந்தது. ஹாலில் தொங்கும் உங்கள் பழைய கிடாரைப் பார்த்தேன். அதில் வலது பக்கம் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து நான் கிட்டத்தில் பார்த்த ஒரே கிடார் அதுதான். தாளில் ஆங்கிலமே கோணல்மாணலாக இருந்தது, படமும் அச்சுப் பிழையாக இருக்கும் என்று முடிவு செய்தேன். அச்சில் வந்ததாலேயே ஒன்றை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள் என்று வருடா வருடம் மாணவர்களிடம் சொல்கிறவள் அல்லவா நான்! கழுத்தின் உச்சியில், கம்பிகள் உட்காருவதற்குக் காடி வெட்டிய சின்ன வெள்ளைத் துண்டு ஒன்று உண்டே, நட் என்கிறார்கள், அதில் தடித்த கம்பி உட்கார மறுத்தது. அப்போதாவது யோசித்திருக்க வேண்டும். ஊசி அரத்தால் காடியை அகலமாக்கி உட்கார வைத்தேன்.

இன்று காலை அதைச் சபைக்கு எடுத்துப் போனேன். நான் அடிக்கடி போகிறவள் அல்ல என்பதால் எல்லோரும் ஒரு மாதிரி பார்த்தார்கள். பாடகர் குழுவில் உங்கள் இடத்தில் இப்போது வாசிப்பது பிரசன்னாதான், அதே வாய், அதே பேச்சு. ஆம்பிளிஃபயரில் செருகினான். சத்தம் வந்தது, பென்னி. “சவுண்டு வருதுக்கா! யாரு சால்டர் பண்ணது?” என்று கத்தினான். நான்தான் என்றேன். அதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. சுற்றிலும் நிறையப் பேர் இருந்தார்கள்.

அதற்குள் அவன் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, “என்னக்கா இது, உல்டாவா மாட்டி வெச்சிருக்கீங்க?” என்றான். பென்னி கிடாரைப் பார்த்துத்தான் மாட்டினேன் என்றேன். “ஐயோ அக்கா, அண்ணாவுக்குப் பீச்சாங்கை!” என்று உரக்கச் சொன்னவன், பின்னால் ஆயர் நிற்பதைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டு, “லெஃப்ட் ஹேண்டுக்கா” என்று திருத்தினான். பிறகு காட்டினான். உங்கள் பழைய கிடாரின் உடல் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, அதனால் கம்பியை மாற்றி மாட்டி வாசிக்கலாம். இது அப்படியல்ல. ஒரு பக்கம் ஆழமாக வெட்டியிருக்கிறது, குமிழ்கள் ஒரே பக்கம் இருக்கின்றன. நீங்கள் பிடித்தால் அவை உங்கள் முழங்கைக்கு அடியில் வரும். இது வலது கைக்காரர்களுக்கென்றே செய்தது. “அண்ணா அவசரத்துல மாத்தி ஆர்டர் பண்ணிட்டாரு போல” என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். ஒரு கத்தரிக்கோல் வாங்கினாலும் இடது கைக்கானதா என்று கடைக்காரரை மூன்று முறை கேட்கிறவர் நீங்கள். இத்தனை வருடம் வாசித்தவர் கிடாரில் மாற்றி ஆர்டர் செய்வீர்களா? கிடார் கம்பெனிக்காரன் மாற்றி அனுப்பியிருக்கலாம். அதற்கும் வாய்ப்பு உண்டு. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டு மழையில் கரைந்துவிட்டது, அதைப் பார்க்க வழியில்லை. அதுவும் இல்லையென்றால், வலது கைக்காரர் ஒருவருக்காக ஆர்டர் செய்திருக்க வேண்டும். சினேகா உங்களைப் போல இடது கைதான். அவளை நீக்கிவிட்டால் இந்த வீட்டில் மிச்சம் இருப்பது ஒருத்திதான்.

ஒருநாள் மாலை கரண்ட் போனபோது மாடியில் உங்கள் கிடாரை என் மடியில் வைத்தீர்களே, நினைவிருக்கிறதா? எந்தப் பக்கம் பிடித்தாலும் எனக்கு அது மாறியே வந்தது. “இதுல எனக்கு இடமே இல்ல” என்று திருப்பிக் கொடுத்தேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். நீங்கள் சிரிக்கவில்லை. அப்போது அதை நான் கவனிக்கவில்லை.

ஆதாரமில்லாமல் எதையும் முடிவு செய்ய எனக்கு வராது, உங்களுக்குத் தெரியும். அதனால் எந்த முடிவுக்கும் வரவில்லை. கம்பிகளைக் கழற்றி வைத்திருக்கிறேன். நான் அரத்தால் கெடுத்த நட் இனி உதவாது என்று பிரசன்னா தன்னிடமிருந்த புதிய நட் ஒன்றைக் கொடுத்தான். அதில் இன்னும் காடி வெட்டவில்லை. வெட்டிவிட்டால் பிறகு மாற்ற முடியாதாம். சமையலறை ஃபிரிட்ஜ் மேல் ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்திருக்கிறேன். பச்சைக் கிடார் மேஜையில்தான் இருக்கிறது. நான் என் ஓரத்தில் சாப்பிட்டுக்கொள்கிறேன்.

வெயில் ஏறும் முன் அங்கே காலை வேலையை முடித்துக்கொள்ளுங்கள். ஊறுகாயைக் குறைவாகத் தொட்டுக்கொள்ளுங்கள், உங்கள் பிரஷருக்கு ஆகாது. கையெழுத்துப் போட அவர்கள் பேனாவை நீட்டினால், உங்கள் இடது கையைக் கொஞ்ச நேரம் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். வெள்ளிக்கிழமை நான் சொன்ன பதில் குக்கர் அவசரத்தில் சொன்னது.

தடித்த கம்பி எந்தப் பக்கம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். போனில் சொல்ல வேண்டாம், எனக்குப் புரியாது. நேரில் வந்து என் கையைப் பிடித்துக் காட்டுங்கள். அதுவரை காடி வெட்டாமல் வைத்திருப்பேன்.

உங்கள்
ஜீவிதா