அண்ணி பார்த்துச் சொன்ன படங்கள்

அண்ணி,

மழைக்காக இன்று பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. உங்கள் மருமகள், என் பாப்பா, ரிமோட்டை எடுத்து எதையோ அழுத்தியதில், கார்ட்டூன் வரவேண்டிய இடத்தில், நாம் சேர்ந்து படம் பார்த்த ஆப்பில் உங்கள் பெயர் போட்ட கட்டம் திறந்துகொண்டது. பாதியில் விட்ட தொடர் முதல் வரிசையில். அதன் கீழே 'உங்களுக்காக' என்று புதுப் படங்கள். நீங்கள் போய்விட்டீர்கள் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

"அத்தையோட படத்தையெல்லாம் இனிமே யாரும்மா பாக்கறது?" என்று கேட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

அந்தக் கொரோனா ஊரடங்குதான் நினைவுக்கு வருகிறது. ஏற்கெனவே இரண்டு முறை வயிற்றிலேயே இழந்தவள் நான். மூன்றாவதுக்கு நச்சுக்கொடி கீழே இருக்கிறது, படுத்தே இருக்க வேண்டும், இனி மலைப்பாதையில் குலுங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மலைமேல் புதூர்நாட்டு வாடகை வீட்டுக்கு வந்து படுத்த சில நாட்களில் பஸ், ஜீப் எல்லாம் நின்றன. கீழே கணியம்பாடியில் அம்மா மாட்டிக்கொண்டாள். உங்கள் தம்பி லைன்மேன். கரண்ட் வேலைக்கு ஊரடங்கு கிடையாது. காலையில் கஞ்சி காய்ச்சித் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போய்விடுவார். பிறகு நானும் ஜன்னலோரக் கட்டிலும் போனும்தான். அந்த ஜன்னலில் மட்டும்தான் சிக்னல் எடுக்கும்.

ஏதோ ஒரு படத்தில் கர்ப்பிணி ஒருத்தி படியில் வழுக்கி விழுந்தாள். போனைத் தூக்கி எறிந்துவிட்டேன். அன்று சாயங்காலம் அழுதுகொண்டே உங்களிடம் சொன்னேன். நீங்கள் ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. "இனிமே நான் பாத்துட்டு சொல்றதத்தான் நீ பாக்கணும்" என்றீர்கள், அவ்வளவுதான்.

ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் உங்கள் ஜெராக்ஸ், ரீசார்ஜ் கடை. ஷட்டரைப் பாதி இறக்கி, உள்ளே உட்கார்ந்து எனக்காகப் படம் பார்த்தீர்கள். தினமும் மத்தியானம் போன் வரும்.

"கொலைக்கதைதான். ஆனா செத்தவன் கெட்டவன். கொழந்தைங்க யாரும் இல்ல, தைரியமா பாரு."

"கொரியாக்காரங்க தொடர் ஒண்ணு இருக்குது. எந்நேரமும் சாப்ட்டுக்கினே இருக்காங்க. உனக்கும் பசி எடுக்கும்."

"அத மட்டும் தொடாத. ஏன்னு கேக்காத."

உங்கள் தம்பி சிரிப்பார்: "எங்கக்கா சென்சார் போர்டு ஆயிட்டா." நானும் சிரித்தேன். ஆனால் ஒவ்வொரு முறை புரண்டு படுக்கும்போதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஈரம் இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துக்கொண்டுதான் சிரித்தேன். அது உங்களுக்கும் தெரியும். அதைப் பற்றி நாம் பேசவே இல்லை.

அந்த மத்தியானம் காற்று பலமாக அடித்தது. எங்கோ பலாமரக் கிளை முறிந்து கம்பியில் விழுந்துவிட்டதென்று அவரைத் தூரத்துக் கிராமத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டில் கரண்ட் இல்லை. ஒரு புதுத் தொடரைப் பற்றி நீங்கள் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். தொடையில் சூடாக ஏதோ இறங்கியது. போர்வையை விலக்கினேன்.

"அண்ணி... ரத்தம்."

"எவ்ளோ?"

"நெறைய."

"எழுந்துக்காத. காலுக்கடியில தலகாணி வெய்யி. போனை வெக்காத."

கடையின் ரீசார்ஜ் போன் உங்களிடம் தனியாக இருந்தது. மலை ஜீப்காரர்கள் எல்லோருடைய நம்பரும் அதில் உண்டு. ஒரு காதில் என்னை வைத்துக்கொண்டு இன்னொரு போனில் நீங்கள் கத்தியதெல்லாம் எனக்குக் கேட்டது. "தோ பாருப்பா, வண்டிய எடு. போலீஸ் கேட்டா என்கிட்ட பேசச் சொல்லு. எங்க வூட்டுப் பொண்ணு அங்க தனியா கெடக்குது." அடுத்து ஆம்புலன்ஸ்காரரிடம்: "நீங்க மேல ஏறுங்க, ஜீப்பு கீழ எறங்கட்டும். நடுவுல புடிச்சுக்கலாம்."

உடனே என்னிடம் திரும்பினீர்கள். "நேத்து சொன்ன படம் பாத்தியா? கதை சொல்லு."

"பயமா இருக்கு அண்ணி."

"சொல்லுடி. அந்தப் பொண்ணு ரயில்ல ஏறுனாளே, அப்புறம் இன்னா ஆச்சு?"

நீங்கள் பார்த்த படம்தான். என்ன ஆச்சு என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சொன்னேன். ரயிலில் ஏறினாள், டிக்கெட் இல்லை, எதிரே ஒரு கிழவர். வாய் உலர்ந்து சொல் குழறும்போதெல்லாம் "அப்புறம்?" என்றீர்கள். கண் சொருகும்போது, "ஏய், அப்புறம்?" போனில் சார்ஜ் சிவப்புக்கு வந்துவிட்டது. கதையில் அந்தப் பெண் எந்த ஊரில் இறங்கினாள் என்பது எனக்கு மறந்துவிட்டது. ஏதோ ஒரு ஊரைச் சொன்னேன். "அப்புறம்?" என்றீர்கள்.

ஹாரன் கேட்டது. ஜீப்காரரும் பக்கத்து வீட்டு அக்காவும் போர்வையோடு என்னைத் தூக்கினார்கள். முதல் வளைவிலேயே சிக்னல் போய்விட்டது. உங்கள் குரல் இல்லாத அந்தப் பாதையைப் போல நீளமான பாதையை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. அக்காவின் கையை நகம் பதிய அழுத்திக்கொண்டு கிடந்தேன். பாதி மலையில் ஆம்புலன்ஸ் நின்றிருந்தது.

திருப்பத்தூர் ஆஸ்பத்திரி வாசலில் ஸ்கூட்டியோடு நின்றிருந்தீர்கள். மாஸ்க் நனைந்து முகத்தோடு ஒட்டியிருந்தது. வாசலில் கயிறு கட்டி, உள்ளே விடமாட்டோம் என்றார்கள். ஸ்ட்ரெச்சர் கடந்து போகும்போது கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினீர்கள்: "மீதி கதைய வெளிய வந்து சொல்லு!"

வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். மாதம் நிறையாத குழந்தை, கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். உங்கள் தம்பி மலையிலிருந்து வந்து சேரும்வரை அந்த வாசலை விட்டு நீங்கள் நகரவில்லையாம். "பொண்ணுடா. மூச்சு வுடுது" என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டீர்களாம்.

ரொம்ப நாள் கழித்துக் கேட்டேன், உங்களுக்குப் பயமே இல்லையா என்று. "மொதல்ல தப்பு நம்பருக்குப் போட்டேண்டி. எவனோ ஒருத்தன் எடுத்தான், அவனையும் திட்டிட்டேன்" என்றீர்கள்.

போன வருஷம் உங்கள் முறை வந்தது. இதயம் வீங்கியிருக்கிறது, படி ஏறி இறங்கக் கூடாது என்றார்கள். கடை கீழே, நீங்கள் மேலே. ஷட்டர் முழுசாக இறங்கியது. இப்போது நான் முன்கூட்டியே பார்த்துவிட்டு உங்களுக்குச் சொல்ல ஆரம்பித்தேன். ஒருநாள், "இதுல யாரும் சாவல அண்ணி, பாருங்க" என்றேன். உங்களுக்குக் கோபம் வந்துவிட்டது.

"செத்தா சாவட்டுமே. கதை நல்லாக்குதா, அத சொல்லு. உனக்கு வயித்துல புள்ள இருந்துச்சு, மறைச்சேன். எனக்கு இன்னாத்துக்கு மறைக்கற?"

அதற்குப் பிறகு நான் எதையும் வடிகட்டவில்லை. கனமான படங்களாகவே சொன்னேன். மூச்சு வாங்கிக்கொண்டே என்னோடு சண்டை போட்டீர்கள், படத்தில் வந்த டாக்டர் அந்தப் பெண்ணிடம் பொய் சொல்லியிருக்கக் கூடாது என்று.

கடைசியாகப் பேசியது ஆஸ்பத்திரியிலிருந்து. திரையைப் பார்க்கத் தெம்பில்லை, வாயால் சொல்லு என்றீர்கள். உங்கள் மகன் போனைக் காதோரம் வைத்திருந்தான். சொல்லிக்கொண்டே போனேன். உங்கள் "உம்" மெல்ல மெல்லக் குறைந்தது. வார்டில் ஏதோ பாத்திரம் விழுந்த சத்தம், உங்கள் மூச்சு இரைப்பு. நிறுத்தப் பயமாக இருந்தது, குரலைத் தாழ்த்தித் தொடர்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து, "போதும், பாப்பாவுக்கு சோறு போடு" என்றீர்கள். மறுநாள் காலை உங்கள் மகன் கூப்பிட்டான்.

போன வாரம் கிராம நர்ஸ் என் நம்பரை ஒரு பெண்ணிடம் கொடுத்திருக்கிறார். இரண்டு தெரு தள்ளி வீடு. அவளையும் படுக்கையிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார்களாம். "அக்கா, பொழுதே போவல. பாக்கறதுக்கு எதுனா படம் சொல்லுங்க" என்று போனில் கேட்டாள். வாய்வரை ஒரு படத்தின் பெயர் வந்தது. சொல்லவில்லை. "உனக்கு இன்னா பயம்?" என்று கேட்டேன். அப்படிக் கேட்க நான் யோசிக்கவே இல்லை அண்ணி, தானாக வந்தது.

"பகல்ல வூட்ல யாருமே இல்லக்கா" என்றாள்.

அன்றைக்கு நான் படம் எதுவும் சொல்லவில்லை. பாப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு, குடையை விரித்து அவள் வீட்டுக்குக் கிளம்பினேன்.