அது கடல் பயம் இல்லை, அண்ணே

என் பெரிய அண்ணனுக்கு,

பினாங்குக் கரையைச் சுனாமி அடித்த வருஷம் அது. மத்தியானச் சோற்று நேரத்தில், பத்து ஃபெரிங்கிக் கடற்கரையில் கச்சாங் கடலை வண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தீர்கள். உங்கள் முழங்கால் வரை ஒட்டியிருந்த மணல்கூட எனக்கு இன்னும் தெரிகிறது. எழுத்து என் கைக்கு வந்ததே இல்லை, உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

அதற்கப்புறம் நீங்கள் தூக்கத்தில் கத்தினாலும் உதைத்தாலும், கடல் பயம் என்றே எல்லோரும் சொன்னோம். கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினோம். வருஷங்கள் கழித்துக் கை நடுங்கியது, நடை சுருங்கியது, பிறகு நினைவும் போனது. சோறு ஊட்ட வந்த என்னிடம், "யாருங்க நீங்க? எந்தப் பக்கம்?" என்று கேட்டீர்கள். அவ்வளவு மரியாதையாகக் கேட்டீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

நீங்கள் போன பின்னால் அண்ணியும் போய்விட்டார்கள். சுங்கை பினாங் ஃபிளாட்டில் பகலெல்லாம் நான் மட்டும். பழைய சங்கதி பேச யார் இருக்கிறார்கள்?

இந்தத் தீபாவளிக்கு நம் கடைசித் தம்பி கோவிந்தன் அக்கரையில் இருக்கும் பைராம் செம்பனைத் தோட்டத்திலிருந்து வந்திருந்தான். சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் படுத்தவன், கண் திறக்காமலே கையை வீசினான். மேசைக் காற்றாடி உருண்டு விழுந்தது. தட்டி எழுப்பினேன்.

"கனவுல நாய் துரத்துச்சுண்ணே. கடிக்கட்டும்னு நிக்கணுமா?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் இனிப்புநீர் நோய்க்கு மருந்து வாங்கப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன். கனவில் செய்வதை உடம்பும் செய்தால், சிலருக்கு அது நடுக்கத்துக்கும் மறதிக்கும் பல வருஷம் முன்பே வரும் அறிகுறியாம். எல்லோருக்கும் அப்படி ஆகாதாம். முழுசாகத் தீர்க்க மருந்து இல்லையாம். ஆனால் கவனித்துக்கொண்டே வரலாமாம். "முதல்ல அழைச்சிட்டு வாங்க ஐயா, பார்ப்போம்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் கோவிந்தனுக்குப் போன் போட்டேன்.

"பெரியண்ணனுக்குக் கடல் பயம்லா! பைராம்ல ஏதுண்ணே கடல்? செம்பனை பொங்கி வருமா?"

"டேய், அலை வந்தது டிசம்பர்ல. அண்ணன் தூக்கத்துல அண்ணிய அறைஞ்சது அதுக்கு முன்னாடி, தீபாவளி சமயம். வீங்குன கன்னத்தோட முறுக்கு சுட்டாங்களே, மறந்துட்டியா?"

"நெசமாவாண்ணே?" என்றான். பிறகு, "அப்புறம் பார்ப்போம்" என்று வைத்துவிட்டான். பயந்துவிட்டான், அண்ணே.

அன்றைக்கே நமக்குத் தெரிந்திருந்தால், நீங்கள் என்னை இன்னும் கொஞ்ச காலம் அடையாளம் கண்டிருப்பீர்களா?

நாளைக்கு ஃபெர்ரி ஏறி நானே பைராமுக்குப் போகிறேன். அவன் ஏசட்டும், சிரிக்கட்டும். டாக்டரம்மா முன்னால் உட்கார வைக்காமல் விடமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. நம் அம்மா பெற்ற பிள்ளைகளில் என்னை யாரென்று சொல்லத் தெரிந்தவன் இனி ஒருவன்தான் மிச்சம், கோவிந்தன்.

உங்கள் இருவருக்கும் நடுவில் பிறந்தவன்,
வீரையா