மேட்டில் நிழல் உண்டு

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையிலிருந்தே வெயில். கூடவே புகைமூட்டம். டிப்போ ஆபீஸில் கண்டெய்னர் பட்டியல் பாதியில் கிடக்கிறது. நான் கார் ரேஸ் கையேடு எழுதிக்கொண்டிருந்தேன், முதல் முறை தடத்துக்கு வருகிறவர்களுக்காக. இதுவரை:

– காதடைப்பான் அவசியம். பஞ்சு போதாது.
– கூரை போட்ட மேடை, மேல் வரிசை. கீழே உட்கார்ந்தால் கம்பி வேலிதான் தெரியும்.
– கார்களைப் பழுது பார்க்கும் இடத்துக்குக் காலையில் மட்டும் விடுவார்கள். ஓட்டுநர்களோடு படம் எடுக்க அதுதான் நேரம்.
– சாப்பாட்டுக் கடையில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு, பத்து மணிக்கே தீர்ந்துவிடும்.

வளைவுகள் பற்றிய பகுதியை மட்டும் ரேஸ் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மூன்றாவது வளைவு இடப்பக்கம் திரும்பும் என்று எழுதிவிட்டேன். கை தவறியது. தனபால் என்று ஒருவன், செடெனாக்கில் லாரி ஓட்டுகிறவன், குழுவுக்குப் புதிது. குரல் பதிவு அனுப்பினான். "அக்கா, அது வலது பக்கம்லா. வீடியோவுல நல்லா தெரியுது." ஒரு ரேஸைக்கூட நேரில் பார்க்காதவன். குழுவே சிரித்தது. என்னோடு எப்போதும் ரேஸுக்கு வரும் ஜீவா எல்லோரையும்விட அதிகமாக.

இருபது வருடமாகப் போகிறேன் நான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மழை இல்லை. மாசாய் முழுக்க ரப்பர் எரிந்த வாடை.

தனபால் தனியாகக் கேட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வருகிறானாம், எங்கே உட்காரலாம். பின்பக்க மேட்டைச் சொன்னேன். தடத்துக்கு நடுவே இருக்கும் புல்மேடு. மரம் இல்லை, கழிப்பறை இல்லை. கார் ஓடத் தொடங்கினால் தடத்தைக் கடக்கும் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ரேஸ் முடியும்வரை அங்கேயே வேக வேண்டியதுதான். போனவன் மறுபடி போகமாட்டான்.

ஜீவாவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமலே வந்துவிட்டது. கருகி வரட்டும், அப்புறம் வலது இடது பார்க்கலாம் என்றாள்.

மனசு லேசானது போல. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

துணி துவைப்பு. கேஸ் தீர்ந்துவிட்டது. தனபால் எண்ணிலிருந்து இந்த முறை எழுத்தில் செய்தி. மனைவி மகேஸ்வரிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். தண்ணீர் அளந்துதான் குடிக்கலாம். அங்கே நிழல் இருக்குமா?

இரண்டு முறை படித்தேன். வேறு இடம் சொல்ல ஒரு வரி போதும். ஆனால் ஜீவா அதற்குள் நாலு பேரிடம் சொல்லிவிட்டாள். இப்போது மாற்றினால் அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"நிழல் இருக்கு. கவலைப்படாம வாங்க."

பூங்கொத்துப் படம் ஒன்று பதிலாக வந்தது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ரேஸ் தடத்து வாசலில் என்னைத் தேடிப் பிடித்துவிட்டான் தனபால். ஒல்லியான ஆள், இஸ்திரி போட்ட சட்டை. மகேஸ்வரி இன்னும் ஒல்லி. டயாலிசிஸ் ஊசி ஏறும் கை தெரியாமல் நீளக்கை ரவிக்கை. எனக்காக முறுக்கு சுட்டுக் கொண்டுவந்திருந்தாள். "குடை எடுத்தேன் அக்கா. நீங்கதான் நிழல் இருக்குன்னீங்களே, வச்சுட்டு வந்துட்டேன்" என்றாள். போய்வாருங்கள் என்றேன். போனார்கள்.

மேல் வரிசை. நான், ஜீவா, முறுக்கு. ரேஸ் தொடங்கியதும் ஜீவா பைனாகுலரை மேட்டுப் பக்கம் திருப்பினாள். வெட்டவெளியில் இரண்டே பேர். தனபால் சட்டையைக் கழற்றி மனைவி தலைக்கு மேல் விரித்துப் பிடித்திருந்தான். ஜீவா சிரித்தாள். பைனாகுலர் கை மாறியது. நானும் பார்த்தேன். நானும்தான்.

நாங்கள் எப்போதும் கைதட்டும் கூலாய் ஊர்க்காரர்களின் நீலக் கார் முன்னால் போய்க்கொண்டிருந்தது. பன்னிரண்டாவது சுற்றில் சிவப்புக் கொடி. கார்கள் நின்றன. ஆம்புலன்ஸ் தடத்தைக் குறுக்கே கடந்து மேட்டுக்குப் போனது. ரேஸ் நின்ற கோபத்தில் மேடை முழுக்க ஊளை. பின்னால் ஒருவர், "சீக்காளிங்கல்லாம் வீட்டுல கெடக்கலாம்ல" என்றார். யாருக்காக ஆம்புலன்ஸ் என்று எங்கள் வரிசையில் எனக்கும் ஜீவாவுக்கும்தான் தெரியும். நானும் ஊளையிட்டேன்.

தனபால் பனியனோடு ஸ்ட்ரெச்சர் பின்னால் ஓடினான். கையில் அவள் செருப்பு.

ரேஸ் மறுபடி தொடங்கியது. நீலக் கார் மூன்றாவது.

ஆகஸ்ட் 11, திங்கள்

மகேஸ்வரி பிழைத்துவிட்டாள். தீவிர சிகிச்சையில். தனபால் குழுவில் குரல் பதிவு போட்டான். "அக்கா சொன்ன எடத்த நான்தான் சரியா கண்டுபிடிக்கல. நிழல் வேற பக்கம் இருந்திருக்கும். என் தப்பு." எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள், ஜீவா சொல்லிவைத்த அந்த நாலு பேரும். நான் கைகூப்பும் படம் ஒன்று போட்டேன்.

சாயங்காலம் கையேடு முடிந்தது. கேட்டுக்கொண்டே இருந்தார்கள், மறுபடி படித்துப் பார்க்காமல் முழுசாகப் போட்டுவிட்டேன். பாராட்டு குவிகிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

அரை நாள் லீவு. ஆஸ்பத்திரி. மகேஸ்வரியைச் சாதாரண வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். ஜீவா வரவில்லை, தலைவலியாம். ஆரஞ்சு வாங்கிப் போனேன். கிட்னி நோயாளிக்கு ஆகாது என்று நர்ஸ் எடுத்து வைத்துவிட்டார்.

தனபால் எனக்குக் காப்பி வாங்கக் கீழே போனான். மகேஸ்வரி கதவைப் பார்த்தாள், பிறகு என்னை.

"நிழல் இருக்கான்னு கேட்டது நான்தான். அவருக்குத் தமிழ் எழுதப் படிக்க வராது. குழுவுல வர்றத நான்தான் படிச்சுக் காட்டுவேன்."

ஆரஞ்சு இருந்த காலிப் பையை மடித்தேன்.

"உங்க கையேட நேத்து படிச்சேன். மேட்டுல நிழலே கெடையாது, ஒடம்பு முடியாதவங்க போகாதீங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க."

முன்பு மரம் இருந்தது, வெட்டிவிட்டார்கள் போல என்று உளறினேன். நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அவருகிட்ட சொல்லல. சொன்னா ரேஸ் பக்கமே போகமாட்டாரு. எனக்கு ரொம்ப நாள் இல்ல. அதுக்கப்புறம் அந்த மனுசனுக்குப் போறதுக்கு ஒரு எடம் வேணும். நீங்க கூட உக்காரணும்."

சரி என்றேன்.

"ஒரு தடவ இல்ல. எப்பவும்."

காப்பி வந்தது. கை சுட்டுவிடும் என்று இரண்டு கப்பாகப் போட்டு என்னிடம் கொடுத்தான்.

செப்டம்பர் 7, ஞாயிறு

தூறல். வண்டி நிறுத்த இடமில்லை. மகேஸ்வரி வீட்டுக்கு வந்துவிட்டாள், எழுந்து நடமாட்டம் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொள்கிறாள்.

தனபால் எனக்கு முன்பே மேல் வரிசையில். ஜீவா எங்களைப் பார்த்துவிட்டு இரண்டு வரிசை கீழே போய் உட்கார்ந்தாள். தனபால் பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் என்னைக் காட்டினான். "இந்த அக்காதான் கையேடு எழுதினவங்க. என் வீட்டுக்காரிய ஆஸ்பத்திரிக்கு வந்து பாத்தவங்க இவங்க ஒருத்தர்தான்." ஓர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை.

நீலக் கார் ஜெயித்தது. எழுந்து கத்தவில்லை நான்.

கிளம்பும்போது சொன்னான், வருடம் முழுக்க எல்லா ரேஸுக்கும் இடம் எடுத்துவிட்டானாம். எனக்கும் சேர்த்து. "பக்கத்துப் பக்கத்துலதான் அக்கா. மகேஸ்தான் அப்படி எடுக்கச் சொன்னா."