படத்தில் விட்டுப்போன குழாய்

மட்டாஞ்சேரி,
18-12-1981

அன்புள்ள மாப்பிள்ளை வீரபாண்டிக்கு,

அத்தான் இசக்கிமுத்து எழுதுவது. நான், உன் அக்கா மாடத்தி, பாப்பா மூன்று பேரும் சுகம். சார்ஜா குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? போய் இரண்டு மாதத்தில் இரண்டே கடிதம். இரண்டும் அக்காவுக்கு. அத்தானை விசாரித்ததாகச் சொல்லவும் என்று கடைசியில் ஒரு வரி. இருக்கட்டும், ஊருக்கு வா, கவனித்துக்கொள்கிறேன்.

இப்போது வண்டி சமாசாரம். ஐம்பத்தாறாம் வருஷத்து லேண்ட்மாஸ்டர் காரில் நீ புது டீசல் எஞ்சினை இறக்கிய நாள் முதல் டாக்ஸி ஸ்டாண்டில் எனக்குத் தனி மரியாதை. "கெழவனுக்கு ரெண்டாங் கல்யாணம் பண்ணி வச்சிட்டானேவே உம்ம மச்சினன்" என்று ரங்கசாமி தினமும் கேலி செய்கிறான். பொறாமைதான்.

ஆனால் மூன்று வாரமாக ஒரு கோளாறு. ஊருக்குள் ஓடினால் ஒன்றுமில்லை. தூர சவாரி போனால் பத்துப் பன்னிரண்டு மைலில் இழுவை குறைகிறது, பிறகு இருமி இருமி நின்றுவிடுகிறது. களமசேரி ஃபாக்டரிக்கு இரண்டு தடவை ஆள் ஏற்றிப் போனேன், இரண்டு தடவையும் வழியில் நின்றேன். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு ஒரு சாயா குடித்து முக்கால் மணி உட்கார்ந்துவிட்டு வந்தால் தானாக ஸ்டார்ட் ஆகிறது. நான் சாயா குடிக்கவேண்டும் என்று வண்டிக்கு அவ்வளவு அக்கறை.

எஞ்சினுக்கு டீசல் எண்ணெய் போதுமான வேகத்தில் வரவில்லை என்று என் புத்திக்குப் படுகிறது. எங்கே தடைபடுகிறது என்று கட்டியவன்தான் சொல்லவேண்டும். விசா வந்த அவசரத்தில் இரண்டே நாளில் முடித்த வேலை என்று இங்கே சிலர் பேசுகிறார்கள். நான் யாரையும் விடவில்லை, சண்டைக்குப் போய்விட்டேன்.

மாமா ஏரோப்ளேன் ரிப்பேர் பண்ணப் போயிருக்கிறார் என்று பாப்பா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். வரும்போது பேசுகிற பொம்மை வேண்டுமாம். நாலு வயதுக்கு வாய் நாற்பது வயதுக்கு இருக்கிறது.

அன்புடன்,
இசக்கிமுத்து


சார்ஜா,
2-1-1982

அன்புள்ள அத்தானுக்கு,

வீரபாண்டி வணக்கம். கடிதம் பார்த்துச் சிரித்து, பிறகு யோசித்தேன். டீசல் எஞ்சினுக்கு எண்ணெய் குறையாத அழுத்தத்தில் போய்க்கொண்டே இருக்கவேண்டும். குறைந்தால் நின்றுவிடும். இதில் மூன்று இடம் பாருங்கள்.

முதலில் ஃபில்டரை மாற்றுங்கள். அடுத்து, குழாய்கள் சேருகிற இடங்களில் செம்பு வாஷர் எல்லாம் புதிதாகப் போடுங்கள், பொட்டுக் காற்றுப் புகுந்தாலும் எஞ்சின் படுத்துவிடும். வண்டி நின்றவுடன் ஃபில்டர் மேல் இருக்கிற திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடியுங்கள். நுரை வந்தால் காற்று புகுகிறது என்று அர்த்தம். மூன்றாவது, டேங்கிலிருந்து எண்ணெயை இழுக்கிற ஃபீட் பம்ப். தோப்பும்படியில் போட் எஞ்சின் பார்க்கிறவர்களிடம் பிரஷர் மீட்டர் இருக்கும், மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பின்பக்கம் படம் போட்டிருக்கிறேன். எண்ணெய் போகிற குழாய் சிவப்பு, மிச்சம் டேங்குக்குத் திரும்புகிற குழாய் நீலம். சிவப்பும் நீலமுமான என் காதுப் பென்சில் கடல் தாண்டியும் காதில்தான் இருக்கிறது. அரபி முதலாளி பார்த்துச் சிரிக்கிறான்.

இன்னொன்று. அஞ்சு லிட்டர், பத்து லிட்டர் என்று ஊற்றி ஓட்டுகிற பழக்கத்தை விடுங்கள். பழைய டேங்க், அடியில் துரு கிடக்கும். வாய்வரை நிறைத்து வையுங்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. அவசரத்திலும் நான் குறை வைக்கவில்லை. டேங்கில் நீலக்குழாயைப் பற்றவைத்து, காற்றடைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, ஒரு குமிழிகூட வரவில்லை என்று பார்த்துத்தானே மாட்டினேன்? சைக்கிள் பம்ப் அடித்ததே நீங்கள்தான்.

பாப்பாவுக்குப் பொம்மை வாங்கிவிட்டேன். கண்ணை மூடித் திறக்கும், "மம்மா" என்று சொல்லும்.

உங்கள்,
வீரபாண்டி


மட்டாஞ்சேரி,
10-2-1982

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சுகம். நீ சொன்னது ஒன்று விடாமல் செய்தேன். ஃபில்டர் புதிது, வாஷர் புதிது. வழியில் நின்றபோது கைப்பம்ப் அடித்தேன். நுரை ஒரு பொட்டு இல்லை.

தோப்பும்படியில் போட் எஞ்சின் பார்க்கிற பௌலோஸ் சேட்டன் மீட்டரை மாட்டி, கூடவே ஏறி வந்தார். புறப்படும்போது முள் பத்தில் இருந்தது. மூன்று மைலில் எட்டு, அப்புறம் ஆறு, அப்புறம் மூன்று. சட்டென்று விழவில்லை மாப்பிள்ளை, ஆற அமர இறங்கியது. அடைப்பு என்றால் புறப்படும்போதே குறைவாக இருக்கவேண்டாமா? "பம்பு நல்ல பம்பாணு. வலிக்கான் எண்ணெய் கிட்டுன்னில்லடோ" என்றார். பம்ப் நன்றாகத்தான் இழுக்கிறது, இழுக்க எண்ணெய்தான் கிடைக்கவில்லையாம். டேங்கில் எண்ணெய் தளும்புகிறதே என்றால் கையை விரிக்கிறார்.

இன்னொரு அதிசயமும் கேள். உன் பேச்சைத் தட்டாமல் வைட்டிலா பெட்ரோல் பம்பில் வாய்வரை நிறைத்தேன். ஐந்தாறு மைலிலேயே நின்றுவிட்டது! பாதி டேங்கில் பன்னிரண்டு மைல் போன வண்டி, நிறைத்தால் அதில் பாதி போகிறது. ஒரு தடவைதான் இப்படி, தற்செயலோ என்னவோ. ஆனாலும் இதை மட்டும் நன்றாக யோசித்து எழுது. எண்ணெய் கூடினால் ஓட்டம் குறைவது ஏன்?

பாப்பா இப்போது பின் சீட்டில் நின்றுகொண்டு, வண்டி இருமினால் அதன் முதுகைத் தட்டிக் கொடுக்கிறாள். சீக்கிரம் பதில் போடு.

அன்புடன்,
இசக்கிமுத்து


சார்ஜா,
5-3-1982

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் இருபதாம் தேதியே கிடைத்தது. வேலை தலைக்குமேல் இருந்ததால் பதில் தாமதம், மன்னிக்கவும்.

ஃபீட் பம்பின் உள்ளே இரண்டு சின்ன வால்வ் இருக்கும். சூடேறினால் சரியாக மூடாது. அதனால்தான் முள் மெல்ல இறங்குகிறது என்று நினைக்கிறேன். பம்பையே மாற்றிவிடுங்கள். சிவப்புக் குழாய் எங்காவது நசுங்கியிருக்கிறதா, வெயில் நாளில் சைலன்சர் பக்கம் சுடுகிறதா என்றும் பாருங்கள். பௌலோஸ் சேட்டன் பேச்சைப் பெரிதாக எடுக்கவேண்டாம். போட் வேறு, கார் வேறு.

அக்காவுக்கு நைலக்ஸ் சேலை, உங்களுக்கு டார்ச் லைட், பாப்பாவுக்குப் பொம்மை எல்லாம் பெட்டியில் ஏறிவிட்டது. லீவு மட்டும்தான் பாக்கி.

உங்கள்,
வீரபாண்டி

பி.கு.: வண்டி நின்றால் டேங்க் மூடியை ஒரு தடவை திறந்து மூடிப் பாருங்கள். அவசரமில்லை.


சார்ஜா,
23-3-1982

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

தந்தி கிடைத்தது. நாலே வார்த்தை. பாப்பா போய்விட்டாள் என்பதற்கு மேல் ஒன்றும் புரியவில்லை. அழுகிறேன், கூட இருக்கிறவர்கள் சோறு ஊட்டுகிறார்கள். உங்கள் இரண்டு பேருக்கும் நான் என்ன ஆறுதல் சொல்ல? என் கையிலேயே வளர்ந்த பிள்ளை.

வண்டி பாலத்தில் நின்றுபோனதாக ரங்கசாமி இங்கே இருக்கிற ஒருவருக்கு எழுதி, அவர் சொல்லித் தெரிந்தது. அத்தான், அந்த வண்டி இனி நமக்கு வேண்டாம். யார் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். அதைக் கழற்றிப் பார்த்துக்கொண்டு மனத்தை வருத்திக்கொள்ளவேண்டாம். ஐந்தாம் தேதி ஒரு கடிதம் போட்டேன். வந்திருந்தாலும் இப்போது படிக்கவேண்டாம். வேலை விஷயம்தான், வேறொன்றுமில்லை.

அக்காவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீரபாண்டி


மட்டாஞ்சேரி,
11-4-1982

வீரபாண்டிக்கு,

நடந்ததை எழுதுகிறேன். மார்ச் பன்னிரண்டு இங்கே பந்த். பெட்ரோல் பம்ப் எல்லாம் மூடிவிடுவார்கள் என்று முந்தின நாள் சாயங்காலமே வாய்வரை டீசல் நிறைத்து வைத்தேன். விடியும்போதே பாப்பாவுக்கு வயிற்றோட்டம். பத்து மணிக்குக் கண் செருகிவிட்டது. பக்கத்து டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, இனி இங்கே வைக்காதே, எறணாகுளம் கொண்டுபோய் டிரிப் ஏற்று என்றார்.

வண்டி நன்றாகத்தான் புறப்பட்டது. தோப்பும்படி கடந்து, நடுவில் இருக்கிற ஐலண்டு கடந்து, எறணாகுளம் போகிற பாலத்தில் ஏறியதும் நின்றது. பஸ் இல்லை, லாரி இல்லை, முன்னும் பின்னும் வெறும் ரோடு. கைப்பம்ப் அடித்தேன். திருகைத் தளர்த்தினேன். நீ எழுதியதெல்லாம் வரிசையாகச் செய்தேன். இருபது நிமிஷம் போய்விட்டது. அப்புறம் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். உன் அக்கா செருப்பில்லாமல் தாரில் ஓடிவந்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை. அரை மணி முந்தி வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

உன் அக்கா அன்றைக்குக் கேட்டாள், "டீசல் ஊத்தாமலா எம்புள்ளய ஏத்திட்டு வந்தீய?" டேங்க் நிறைய இருக்கிறது என்றேன். "டேங்கு நெறைய இருந்தா வண்டி ஏன் நிக்குது? யாருகிட்ட கத விடுதீய?" என்றாள். அஞ்சு லிட்டர், பத்து லிட்டர் என்று ஊற்றுகிறவன்தானே நான். அதற்கப்புறம் அவள் என்னோடு பேசவில்லை. சோறு வைக்கிறாள், தட்டை நகர்த்திவிட்டுப் போகிறாள்.

உன் ஐந்தாம் தேதிக் கடிதம் பதினைந்தாம் தேதி வந்தது. பாப்பாவைப் புதைத்து மூன்றாம் நாள். பிரிக்கத் தோன்றவில்லை. படிக்காதே என்று நீ எழுதிய பிறகுதான் பிரித்தேன்.

அடுத்த நாள் டேங்கை வாய்வரை நிறைத்து, தனியாக அதே ரோட்டில் போனேன். அதே பாலத்தில் நின்றது. மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மூடியைப் போட்டுவிட்டு ஸ்டார்ட்டரைத் தொட்டேன். உடனே பிடித்துக்கொண்டது. அரை நிமிஷ வேலை வீரபாண்டி. பாப்பாவை உன் அக்கா மடியிலிருந்து இறக்காமலே செய்திருக்கலாம்.

தோப்பும்படிக்குக் கொண்டுபோய் டேங்கை இறக்கினோம். எண்ணெய் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வருவதற்கு டேங்கின் தலையில் ஒரு சின்னக் குழாய் இருக்கிறது. காற்று வராவிட்டால் பம்ப் எவ்வளவு இழுத்தாலும் எண்ணெய் வராது. டேங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடமே இல்லை, அதனால்தான் சீக்கிரம் நிற்கிறது என்று பௌலோஸ் சேட்டன் விளக்கினார். உன் படத்தில் சிவப்பு இருந்தது, நீலம் இருந்தது, அந்தக் குழாய் இல்லை. அதன் வாயில் ஒரு பென்சில் துண்டு சொருகியிருந்தது. காற்றுக் கசியாமல் இருக்கச் சைக்கிள் வால்வ் ட்யூப் மாட்டி, சின்னத் துண்டு. ஒரு முனை சிவப்பு, ஒரு முனை நீலம்.

டேங்கில் காற்றடைத்துப் பார்க்கத்தான் நீ அதை அடைத்தாய். எடுக்க மறந்தாய். பம்ப் அடித்த நானும் மறந்தேன். அதற்காக உன்னைக் குற்றம் சொல்லமாட்டேன். மறப்பது மனுஷனுக்கு உள்ளது. ஆனால் என் பிப்ரவரிக் கடிதத்தைப் படித்ததும் உனக்கு ஞாபகம் வந்துவிட்டது. நிறைத்தால் ஏன் நிற்கிறது என்று கேட்டேன், அதற்கு மட்டும் நீ பதில் எழுதவில்லை. பதினைந்து நாள் பேசாமல் இருந்தாய். பம்பை மாற்று, குழாயைப் பார் என்று பக்கம் நிறைய எழுதிவிட்டு, மூடியைத் திற என்பதை மூலையில் பொடி எழுத்தில் எழுதினாய். அவசரமில்லை என்றும் எழுதினாய். வீரபாண்டி கட்டிய வேலையில் குறை என்று யாரும் சொல்லிவிடக்கூடாது, அவ்வளவுதானே? நேராக ஒரு வரி எழுதி, ஒரு வாரம் முந்திப் போட்டிருந்தால் என் பிள்ளை இருந்திருப்பாள்.

நான் போய்ச் சொன்னால் உன் அக்கா நம்பமாட்டாள். பாலைவனத்தில் கிடக்கிற தம்பிமேல் பழி போடுகிறான் என்பாள். நீ எழுது. டேங்க் நிறைய டீசல் இருந்தது என்று மட்டும் எழுதினால் போதும். உன் கையெழுத்தில் வந்தால் நம்புவாள். அவள் என் முகத்தைப் பார்த்து ஒரு மாதம் ஆகிறது.

காத்திருக்கிறேன்.

இசக்கிமுத்து


மட்டாஞ்சேரி,
22-8-1982

திரு. வீரபாண்டி அவர்களுக்கு,

நாலு மாதமாகத் தபால்காரர் வரும்போதெல்லாம் வாசலுக்குப் போனேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. உங்கள் அக்காவுக்கு ஐந்து கடிதம் வந்தது. ஒவ்வொன்றையும் அவள் படித்து முடிக்கும்வரை எதிரில் நின்றேன். படித்து முடித்ததும் என்னை நிமிர்ந்து பார்ப்பாளா என்று நின்றேன். மடித்து அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போய்விடுவாள். நான் கேட்டதை நீங்கள் எழுதவில்லை என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

முந்தாநாள் பௌலோஸ் சேட்டனைச் சாட்சிக்கு வீட்டுக்கு அழைத்து வந்தேன். பென்சிலை அவள் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் வந்தேன். அவள் உங்கள் ஐந்தாவது கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். உங்கள் அரபி முதலாளி புட்டை சோப்பு என்று நினைத்துக் கை கழுவப் போன கதை. சிரித்துவிட்டாள். பாப்பா போன பிறகு அந்த வீட்டில் முதல் சிரிப்பு. சிரித்துக்கொண்டே, "இவன் ஒருத்தனாவது எனக்கு மிச்சம் இருக்கானே" என்று பௌலோஸ் சேட்டனிடம் சொன்னாள். என்னிடம் அல்ல.

சட்டைப் பைக்குள் போன கை வெளியே வரவில்லை. சேட்டனுக்குச் சாயா கொடுத்து அனுப்பிவிட்டேன். அவளிடமிருந்து ஒன்றைப் பறித்தாகிவிட்டது. இரண்டாவதையும் பறிக்க எனக்குத் தெம்பு இல்லை. நான் பொய் சொன்னவனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். உங்களுக்காக அல்ல.

வண்டியை விற்கவில்லை. இப்போது ஒரு கோளாறும் இல்லை. டேங்க் நிறைய நிறைய ஓடுகிறது. தினமும் அந்தப் பாலத்தைத் தாண்டுகிறேன், ஒரு இருமல்கூட இல்லை. நின்று தொலைத்தால் தேவலை என்றிருக்கிறது.

லீவில் வாருங்கள். உங்கள் அக்கா வீடு, தாராளமாக வாருங்கள். நான் தூர சவாரி போய்விடுவேன். பொம்மையை மட்டும் கொண்டுவரவேண்டாம்.

பென்சிலை இந்த உறையில் வைத்திருக்கிறேன். என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சி அதுதான். அது உங்கள் பொருள்.

அவளுக்குக் கடிதம் போடுவதை நிறுத்திவிடாதீர்கள். எனக்கு எழுதவேண்டாம்.

இசக்கிமுத்து